ரயில் சிமுலேட்டருக்கான டபிள்யூடிஎம்-2 இன்ஜின் மாடல்: குறைகளைக் கண்டு திருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டரில் திருச்செந்தூர் தடத்தையோ செங்கோட்டை மலைப்பாதையையோ சொந்த இன்ஜினில் ஓட்டிப் பார்க்க விரும்பும் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மாடல் செய்யப் பழகுவதை உடனிருந்து பார்த்திருக்கிறேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தவுடன் எல்லாரும் கண்ணில் முதலில் படுகிற பெயின்ட்டிலிருந்துதான் திருத்தத் தொடங்குகிறார்கள். பெயின்ட் சரியான பிறகு உடலின் நீளம் தவறு என்று தெரியவரும். நீளத்தை மாற்றினால் ஒட்டிய படம் இழுபட்டுப் போகும். அதுவரை செய்த வேலை வீணாகும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருப்பதை நம்பியே நிற்கிறது.

எடுத்துக்காட்டாக டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் இந்திய இன்ஜின் மாடல்களில் அதிகம் கைமாறியதும் அதிகம் குறையோடு உலவுவதும் இதுதான். மற்ற இன்ஜின்களுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாடலின் மூலக் கோப்பு, அதாவது பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பு, உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விளையாட்டுக்காக மாற்றப்பட்ட ஷேப் கோப்பு மட்டும் இருந்தால் இழுவை, பிரேக், கேபின், ஒலி ஆகியவற்றைத் திருத்தலாம். உடலின் வடிவத்தில் கைவைப்பது மிகக் கடினம். பிறர் செய்த மாடல் என்றால், திருத்திய வடிவத்தைப் பகிர்ந்துகொள்ள அவருடைய அனுமதியும் வேண்டும்.

அடுத்து, அளவுகள் குறித்த வரைபடம். டீசல் பணிமனைப் பயிற்சிக் கையேடுகளில் வரும் பக்கவாட்டு வரைபடம் போதுமானது. கூடவே பக்கவாட்டுப் புகைப்படங்கள் வேண்டும். அவற்றை எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து, எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அருகில் நின்று எடுத்த படத்தில் நடுப்பகுதி பெருத்தும் இரு முனைகளும் சிறுத்தும் தெரியும். அதை அப்படியே பின்தொடர்ந்து வரைந்தவர்களின் மாடலில் கேபின் எப்போதும் குறுகலாகவே அமைந்துவிடுகிறது. மின்மயமான பிறகு திருநெல்வேலி ஜங்ஷனில் டீசல் இன்ஜின்கள் குறைந்துவிட்டதால், பழைய படம் வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குவதே நடைமுறை.

கடைசியாக, கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள். இன்ஜின் கோப்பை, அதாவது எடை, இழுவை, பிரேக் எண்கள் எழுதப்பட்ட எழுத்துக்கோப்பைப் பொறுத்தவரை, இன்ஜினின் கோப்புறைக்குள் ஓப்பன்ரெயில்ஸ் என்ற பெயரில் ஒரு துணைக் கோப்புறை அமைத்து, திருத்தங்களை அதில் உள்ள கோப்பில் எழுதினால் சிமுலேட்டர் அதையே எடுத்துக்கொள்ளும். மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்கும்.

2. முதலில் பதிவுக் கோப்பைப் படியுங்கள்

மாடலைச் சிமுலேட்டரில் ஒருமுறை ஏற்றி வெளியே வந்தால், டெஸ்க்டாப்பில் ஓப்பன்ரெயில்ஸ்லாக் என்ற எழுத்துக்கோப்பு உருவாகியிருக்கும். அதில் உங்கள் இன்ஜினின் பெயர் வரும் வரிகளைத் தேடிப் படியுங்கள். காணாமல் போன டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்), மூடாத அடைப்புக்குறி, அடையாளம் தெரியாத சொல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இதை முதல் திருத்தமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஜின் கோப்பில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் அதற்குக் கீழே எழுதியிருப்பவை சரியாக வாசிக்கப்படாமல் போகலாம். அந்த நிலையில் பிரேக் எண்களை எவ்வளவு மாற்றினாலும் பலன் இராது. மாற்றியவரோ எண்தான் தவறு என்று எண்ணி மேலும் மேலும் மாற்றிக்கொண்டிருப்பார். பழைய மைக்ரோசாப்ட் ட்ரெயின் சிமுலேட்டரிலும் மாடல் ஓட வேண்டும் என்றால், கோப்பை யூனிகோட் வடிவத்தில் சேமிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

3. அளவும் அகலப்பாதையும்

டபிள்யூடிஎம்-2 இன்ஜினின் நீளம் பஃபருக்குப் பஃபர் (இரு முனைகளிலும் உள்ள மோதுதாங்கிகள்) 17,120 மிமீ. பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர் என்று வைத்து அளந்தால் 17.12 வர வேண்டும். அதோடு, ஒவ்வொரு உறுப்பின் ஸ்கேல் மதிப்பும் மூன்று திசையிலும் 1 என்று காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால், கன்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி ஸ்கேலை நிலைப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பிளெண்டரில் சரியாகத் தெரியும் உறுப்பு, ஏற்றுமதி செய்தபின் சிறுத்தோ பருத்தோ வந்து நிற்கலாம்.

இதே நீளம் இன்ஜின் கோப்பின் சைஸ் வரியிலும் இருக்க வேண்டும். அந்த வரியில் அகலம், உயரம், நீளம் என்ற வரிசையில் மூன்று எண்கள் வரும். பெட்டிகளை எவ்வளவு தள்ளி இணைப்பது என்பதைச் சிமுலேட்டர் மாடலைப் பார்த்து முடிவுசெய்வதில்லை. இந்த மூன்றாவது எண்ணைப் பார்த்தே முடிவுசெய்கிறது. சோதிக்க எளிய வழி, ஒரே இன்ஜினை இரண்டாகச் சேர்த்து ஒரு தொடர் அமைத்து, இணைப்பைப் பக்கவாட்டில் பார்ப்பது. பஃபர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் எண் குறைவு. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் எண் அதிகம்.

அடுத்தது பாதையின் அகலம். நம் அகலப்பாதை 1676 மிமீ. சிமுலேட்டரின் பழைய தண்டவாளங்களோ 1435 மிமீ அளவில் செய்யப்பட்டவை. இரண்டுக்கும் இடையிலான 241 மிமீ வேறுபாடு பக்கத்துக்கு 120 மிமீ என்று பிரிந்து, சக்கரம் தண்டவாளத்துக்கு வெளியே அந்தரத்தில் சுற்றும். எந்தத் தடத்தில் ஓட்டப்போகிறீர்களோ அந்தத் தடத்தின் தண்டவாள அளவை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பச் சக்கரங்களை வையுங்கள். இரண்டு வகைத் தடங்களிலும் ஓட வேண்டும் என்றால் இரண்டு ஷேப் கோப்புகள் செய்வதே நேர்மையான வழி. சக்கரத்தை நடுவாந்தரமாக வைத்துச் சமாளித்தால் இரண்டிலும் தவறாகத் தெரியும்.

4. போகியும் சக்கரமும்

உறுப்புகளின் பெயர்தான் அசைவைத் தீர்மானிக்கிறது. உடலின் பெயர் மெயின். அதற்குக் கீழே போகி1, போகி2 (போகி என்பது இங்கே பெட்டியல்ல, சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்). முதல் போகிக்குக் கீழே வீல்ஸ்11, வீல்ஸ்12, வீல்ஸ்13. இரண்டாவதற்குக் கீழே வீல்ஸ்21, வீல்ஸ்22, வீல்ஸ்23. கோப்பில் இவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். எண்ணின் முதல் இலக்கம் போகியையும் இரண்டாவது அச்சையும் குறிக்கும். சக்கரத்தை நேரடியாக உடலுக்குக் கீழே மாட்டிவிட்டால், வளைவில் போகி திரும்பும்போது சக்கரம் மட்டும் திரும்பாமல் சட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நேர்ப்பாதையில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

சக்கரம் சுற்றும்போது தள்ளாடினால், அதன் ஆரிஜின் புள்ளி (உறுப்பு எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளி) அச்சின் நடுவில் இல்லை என்று பொருள். பிளெண்டரில் அந்தப் புள்ளியைச் சக்கரத்தின் வடிவமையத்துக்கு நகர்த்தினால் சரியாகும். போகியின் புள்ளியும் அதன் திரும்புமையத்தில்தான் இருக்க வேண்டும்.

புதுச் சக்கரத்தின் விட்டம் 1092 மிமீ. இன்ஜின் கோப்பு கேட்பதோ ஆரத்தை. ஆகவே எழுத வேண்டியது 0.546 மீட்டர். இந்த எண் கோப்பில் இரண்டு இடங்களில் வரும், இரண்டையும் பாருங்கள். விட்டத்தையே எழுதிவிட்டால் சக்கரம் பாதி வேகத்தில் சுற்றி, வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு சக்கரத்தின் டெக்ஸ்சரில் தற்காலிகமாக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். இந்தச் சக்கரத்தின் சுற்றளவு 3.43 மீட்டர் என்பதால், மணிக்கு 12 கிமீக்குச் சற்று கூடுதலான வேகத்தில் அந்தக் கோடு நொடிக்கு ஒருமுறை மேலே வர வேண்டும். இரண்டு நொடிக்கு ஒருமுறை வந்தால் எங்கே தவறு என்று சொல்லத் தேவையில்லை.

வடிவத்தில் அனேகமாக எல்லா மாடல்களிலும் காணப்படும் பிழை ஒன்று உண்டு. இந்த இன்ஜினின் ட்ரைமவுன்ட் போகியில் மூன்று அச்சுகளுக்கு இடையிலான இடைவெளி சமமானதல்ல. ஒரு சக்கரத்தைச் செய்து சம இடைவெளியில் நகலெடுத்து வைப்பது கைக்கு எளிது என்பதால் எல்லாரும் அதையே செய்கிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது இன்ஜினுக்கு ஏதோ வேற்று முகம் வந்துவிடுகிறது, ஏன் என்று சொல்லத் தெரிவதில்லை. வரைபடத்தை வைத்து அளந்து ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே வையுங்கள்.

5. மேற்பரப்பு

பிளெண்டரில் முகங்களின் திசையைக் காட்டும் வசதியை இயக்கினால், வெளியே பார்க்கும் முகங்கள் நீலமாகவும் உள்ளே பார்ப்பவை சிவப்பாகவும் தெரியும். சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் சிமுலேட்டரில் ஓட்டையாகத் தெரியும். ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு எதிர்ப்பக்கத்தை எதிர்மறை ஸ்கேலில் நகலெடுத்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். முகங்களைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட் விசையுடன் என் விசையை அழுத்தினால் பெரும்பாலானவை சரியாகும். மிச்சத்தைக் கையால் திருப்ப வேண்டும்.

அப்படி நகலெடுத்ததில் இன்னொரு விளைவும் உண்டு. இரு பக்கமும் டெக்ஸ்சரின் ஒரே பகுதியைப் பயன்படுத்தினால், எதிர்ப்பக்கத்தில் இன்ஜின் எண் இடவலம் மாறித் தெரியும். எண்ணும் பணிமனையின் பெயரும் வரும் இடங்களுக்கு மட்டும் தனி இடம் ஒதுக்குங்கள். மற்றவை பொதுவாகவே இருக்கலாம்.

கேபின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பின்னால் நிற்கும் பெட்டி மறைந்து வெறும் வானம் தெரிகிறதா? உடல் முழுவதும் ஆல்ஃபா சேனல் (ஒளிபுகும் அளவைக் குறிக்கும் பகுதி) உள்ள டெக்ஸ்சரில் இருக்கிறது என்று பொருள். உடலை ஆல்ஃபா இல்லாத டெக்ஸ்சருக்கு மாற்றிவிட்டு, கண்ணாடியை மட்டும் தனி உறுப்பாகப் பிரித்துவிடுங்கள். ரேடியேட்டர் வலை போன்றவற்றுக்குப் பாதி ஒளிபுகும் முறை வேண்டாம். புள்ளி இருக்கிறது அல்லது இல்லை என்ற இருநிலை முறை போதும்.

டெக்ஸ்சரின் பக்க அளவு 512, 1024, 2048 என்று இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். இருபது சிறு படங்களைவிட இரண்டு பெரிய படங்கள் கணினிக்கு இலகுவானவை.

தொலைவில் மறையும் குறையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். நாங்குநேரி பக்கத்துப் பொட்டல் போன்ற திறந்தவெளியில் ரயிலைத் தள்ளி நின்று பார்க்கும்போது, குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இன்ஜின் காணாமல் போய்ப் பெட்டிகள் மட்டும் தாமாக ஓடினால், ஷேப் கோப்பின் கடைசித் தூர அளவு குறைவாக இருக்கிறது. அதை 2000 மீட்டராக்குங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகே பெயின்ட். அதில் ஒரே ஒரு சொல்: போகிக்குப் பளபளக்கும் கறுப்பு அடிக்காதீர்கள். பிரேக் கட்டையின் இரும்புத்தூளும் எண்ணெயும் நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் சேர்ந்து படிந்த பழுப்புதான் அதன் நிறம்; அச்சுப்பெட்டியைச் சுற்றி மட்டும் எண்ணெய்க் கறை கறுத்திருக்கும்.

6. இழுவை

இந்த இன்ஜினின் எடை 112.8 டன், திறன் 2600 குதிரைத்திறன், தொடக்க இழுவிசை 30.45 டன், அதிகபட்ச வேகம் மணிக்கு 120 கிமீ. இந்த நான்கு எண்களையும் அலகோடு எழுதுங்கள். அலகு இல்லாமல் எழுதினால் சிமுலேட்டர் எடையைக் கிலோவாகவும் விசையை நியூட்டனாகவும் திறனை வாட்டாகவும் கொள்ளும், 112.8 என்று மட்டும் எழுதப்பட்ட இன்ஜின் ஒரு மோட்டார் சைக்கிளின் எடையோடு தண்டவாளத்தில் நிற்கும்.

பிறகு இரண்டு கணக்குகள். இழுவிசை 30.45 டன் என்பது ஏறத்தாழ 298.7 கிலோநியூட்டன். 30.45 டன்னை இன்ஜினின் எடையான 112.8 டன்னால் வகுத்தால் 0.27 வருகிறது. டீசல் இன்ஜினுக்கு இந்த விகிதம் 0.4ஐத் தாண்டினால் எடையிலோ விசையிலோ தவறு உள்ளது என்று கொள்ளலாம். இரண்டாவது, திறனை விசையால் வகுப்பது. 2600 குதிரைத்திறன் என்பது 1939 கிலோவாட், அதை 298.7ஆல் வகுத்தால் நொடிக்கு 6.5 மீட்டர், அதாவது மணிக்கு 23 கிமீ. அந்த வேகத்துக்கு மேல் முழு இழுவிசை கிடைக்கக் கூடாது. மணிக்கு 60 கிமீ வேகத்தில் 116 கிலோநியூட்டனுக்கு மேல் எந்நிலையிலும் வரக் கூடாது. டீசலில் பிறக்கும் திறன் முழுவதும் சக்கரத்தை எட்டுவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் குறைவாகவே வர வேண்டும்.

எஃப்5 விசையை அழுத்தி, ஷிப்ட் விசையுடன் எஃப்5ஐ மீண்டும் மீண்டும் அழுத்தினால் விசை குறித்த பக்கம் வரும். 60 கிமீ வேகத்திலும் அங்கே 290 காட்டினால், வேறு இன்ஜினிலிருந்து நகலெடுத்த இழுவிசை அட்டவணை கோப்பின் அடியில் எங்கோ ஒளிந்திருக்கிறது. மேலே எழுதிய எண்களை அது மீறிவிடும். அதை நீக்குங்கள் அல்லது இந்த இன்ஜினுக்கு ஏற்ப எழுதுங்கள்.

ஏறத்தாழ இதே உடலோடு வரும் டபிள்யூடிஎம்-3ஏ இன்ஜினின் திறன் 3100 குதிரைத்திறன். உடலை நகலெடுப்பவர்கள் எண்ணையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறார்கள், கவனம்.

த்ராட்டிலில், அதாவது திறனைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியில், நாட்ச்சுகள் (படிகள்) எட்டு. ஐடில் (இழுக்காமல் ஓடும் நிலை) சேர்த்து ஒன்பது நிலைகள். கோப்பில் எண்ணிக்கை 9 என்றும், நிலைகள் 0இலிருந்து 0.125 வீதம் 1 வரை ஏறுமாறும் இருக்க வேண்டும். 8 என்று எழுதினால் எண்ணிக்கையும் நிலைகளும் பொருந்தாமல் கடைசி நாட்ச் கிடைக்காமல் போகும். டீசலின் சுழற்சி ஐடிலில் நிமிடத்துக்கு 400, எட்டாவது நாட்ச்சில் 1000.

முடிவான சோதனைக்குச் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை பொருத்தமானது. உண்மையில் அங்கே ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின் மாட்டப்படுகிறது. உங்கள் ஒற்றை இன்ஜின் முழு ரயிலையும் பகவதிபுரத்திலிருந்து வேகம் குறையாமல் மேலே இழுத்துச் சென்றால் மகிழ வேண்டாம். கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

7. பிரேக்

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். "அண்ணாச்சி, பிரேக்கே பிடிக்க மாட்டேங்கு" என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒரே ஓர் எண்ணை. நம் ரயில்களில் பிரேக் பைப்பின் (ரயில் நெடுக ஓடும் பிரேக் காற்றுக் குழாயின்) அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அதை அறிந்தவர்கள் கோப்பில் 5 என்றே எழுதிவிடுகிறார்கள். அலகு இல்லாத எண்ணைச் சிமுலேட்டர் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) ஆகக் கொள்வதால் பைப்பில் காற்றே இல்லாத நிலை ஏற்படுகிறது. எழுத வேண்டியது 71.

இதற்கு நேர்மாறான தவறு, அமெரிக்க இன்ஜினின் கோப்பை நகலெடுத்து 90ஐ அப்படியே விட்டுவிடுவது. அப்போது பிரேக் பிடிக்கும். ஆனால் 71க்கு அமைந்த பெட்டிகளோடு சேரும்போது நடத்தை கோணலாகும். ஆகவே இன்ஜினை மட்டும் திருத்தி நிறுத்தாமல், அதோடு ஓட்டப்போகும் பெட்டிகளின் கோப்புகளையும் திறந்து பாருங்கள். பெட்டியின் பிரேக் சிலிண்டரில் முழுப் பிரேக்கின்போது வரும் அழுத்தம் 3.8 கிலோ, அதாவது 54 பிஎஸ்ஐ. பெட்டியின் கோப்பில் முழு பிரேக் விசைக்கான சிலிண்டர் அழுத்தம் அதைவிடக் கூடுதலாக எழுதப்பட்டிருந்தால், எவ்வளவு அழுத்தினாலும் முழு விசை கிடைக்காது.

மூன்றாவது, பிரேக்கின் வகை. ஒற்றைக் குழாய், ட்ரிப்பிள் வால்வு என்று எழுதியிருந்தால் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்த முடியாது. தளர்த்தத் தொடங்கினால் முழுவதும் தளர்ந்துவிடும். நம் பயணிகள் ரயில்களில் 6 கிலோ அழுத்தமுள்ள ஃபீட் பைப்பும் சேர்ந்து இரட்டைக் குழாய் அமைப்பு உள்ளது. டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு படிப்படியாகத் தளர்த்த இடம் தரும். இரட்டைக் குழாய் என்றும், படிப்படியாகத் தளரும் வால்வு என்றும் பெட்டியின் கோப்பில் மாற்றுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிளாட்பார முனையில் நிறுத்த வேண்டிய ரயிலை இந்த வசதி இல்லாமல் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு புரியும்.

சோதிக்கும்போது, அமைப்புகளில் அழுத்தத்தின் அலகைக் கிலோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பிடியை முதல் நிலைக்கு நகர்த்தினால் பைப் அழுத்தம் ஏறத்தாழ அரை கிலோ குறைந்து 4.5க்கு வர வேண்டும். முழுப் பிரேக்கில் 3.3ஐ ஒட்டி நிற்க வேண்டும். கடைசிப் பெட்டியின் எண்ணையும் பாருங்கள். இன்ஜினில் சரியாகவும் கடைசிப் பெட்டியில் மாறாமலும் இருந்தால், நடுவில் ஏதோ ஒரு பெட்டியின் கோப்பில் பிரேக் பகுதி பழுதாகியிருக்கிறது.

8. கேபின்

பிரேக்கைச் சரிசெய்த பிறகே கேபினுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால், முள் காட்டும் எண் தவறா, அழுத்தமே தவறா என்று தெரியாது. அழுத்தமானியின் படத்தில் 0 முதல் 10 வரை கிலோ அளவு வரையப்பட்டிருக்க, கேபின் கோப்பில் அலகு பிஎஸ்ஐ என்று இருந்தால் முள் எப்போதும் கடைசியில் முட்டிக்கொண்டே நிற்கும். அலகு, வீச்சு, முள் தொடங்கும் கோணம், முடியும் கோணம் ஆகிய நான்கையும் படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு எஃப்5 பக்கத்தில் 5 காட்டும்போது முள்ளும் 5இல் நிற்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்தில் மட்டும் சரிபார்ப்பது போதாது.

9. புகை, விளக்கு, ஒலி

புகை கிளம்பும் இடம் மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. உயரமும் நீளமும் இடம் மாறினால் புகை கேபினுக்குள்ளிருந்து வரும். முகப்பு விளக்கு இரு முனையிலும் உண்டு. இன்ஜினைத் திருப்பிப் போட்டு, லாங் ஹூட் (கேபினுக்கு அப்பாலுள்ள நீண்ட பகுதி) முன்னால் வருமாறு ஓட்டியும் பாருங்கள்.

இது நான்கு ஸ்ட்ரோக் ஆல்கோ இன்ஜின். இரண்டு ஸ்ட்ரோக் கொண்ட டபிள்யூடிஜி-4இன் ஒலிக் கோப்பை இதற்கு மாட்டினால், ரயில் பார்த்து வளர்ந்த எவரும் கண்ணை மூடிக்கொண்டே பிடித்துவிடுவார். ஒலியின் ஏற்றம் டீசலின் சுழற்சியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், ரயிலின் வேகத்தோடு அல்ல. நின்ற இடத்தில் நாட்ச் ஏற்றினாலும் சத்தம் ஏற வேண்டும்.

10. பிறருக்குக் கொடுக்கும் முன்

கோப்புறையைச் சுருக்கி, உங்கள் கணினியில் அல்லாமல் வேறொருவரின் கணினியில் விரித்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் வட்டில் மட்டும் இருக்கும் டெக்ஸ்சரையோ, வேறோர் இன்ஜினின் கோப்புறையில் உள்ள ஒலியையோ மாடல் நம்பியிருந்தால் அங்கேதான் வெளிப்படும். அந்தக் கணினியின் பதிவுக் கோப்பிலும் உங்கள் இன்ஜினின் பெயரைத் தேடுங்கள். ஒரு வரியும் அகப்படாவிட்டால் அனுப்பலாம். அகப்பட்டால், அது எந்தப் படியைச் சேர்ந்த குறையோ அந்தப் படிக்குத் திரும்பி, அங்கிருந்து கீழே உள்ள எல்லாச் சோதனைகளையும் மீண்டும் செய்யுங்கள்.